கேன்டர்பரிப் பாதையில் பேசாத உழவன்

லண்டன் பாலத்தின் தென்கரையில், சதர்க் பகுதியிலிருந்த டபார்ட் விடுதியில் ஓர் ஏப்ரல் மாலை கூடிய கேன்டர்பரி யாத்திரிகர்களை 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் ஒருவர்பின் ஒருவராகக் காட்டும் ‘கேன்டர்பரி கதைக’ளின் முன்னுரை 858 அடிகள் கொண்டது. ஊர் ஊராகச் சென்று இரந்து வாழும் துறவிக்கு அதில் 62 அடிகள் கிடைத்திருக்கின்றன. உழவனுக்குக் கிடைத்தவை 13. அந்த 13 அடிகளுக்குள் அவன் வண்டி வண்டியாக எரு சுமக்கிறான், கதிரடிக்கிறான், வாய்க்கால் வெட்டுகிறான், திருச்சபைக்குரிய பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் குறையின்றிச் செலுத்துகிறான், ஏழைக்குக் கூலி வாங்காமல் வேலை செய்து கொடுக்கிறான். அதன்பின் நூல் முடியும்வரை அவன் வாய் திறப்பதே இல்லை. கதை சொல்லிக்கொண்டு போவது என்று பேசிப் புறப்பட்ட கூட்டத்தில் அவனுக்குக் கதை கிடையாது.

கதை கிடைக்காதவர்கள் வேறு சிலரும் அந்தக் கூட்டத்தில் உண்டு என்பதையும், நூல் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனாலும் உழவனின் மௌனத்தை மட்டும் தற்செயலாக எண்ணிக் கடந்துவிட முடியவில்லை. ஏனெனில் சாசர் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் உழவன் என்ற உருவம் இங்கிலாந்தின் கவிதையிலும் அரசியலிலும் எல்லோரும் பிடித்து இழுக்கும் உருவமாக இருந்தது. ஒரு கவிஞர் அவனை ஞானவழிகாட்டியாக்கினார், கலகக்காரர்கள் அவன் பெயரைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள், இன்னொரு கவிஞர் அவனை மாடாகவே மாற்றினார். இந்தக் கவிதைகளிலிருந்து அன்றைய சமூகத்தை அறிய விரும்புகிறவர்கள், அவை சமூகத்தை உள்ளது உள்ளபடி படம்பிடிக்கின்றன என்று எடுத்துக்கொள்வதைவிட, உழவன் எந்தக் கவிதையில் பேசுகிறான், எதில் பேசாதிருக்கிறான் என்று கவனிப்பதே அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து.

அக்காலத் திருச்சபையும் அரசும் சமூகத்தை மூன்று வகுப்பாகப் பிரித்துப் பேசின. சமயத்தார் எல்லோருக்காகவும் வேண்டுதல் செய்ய வேண்டும், பிரபுக்களும் வீரர்களும் எல்லோரையும் காக்க வேண்டும், மற்றவர்கள் உழைத்து எல்லோருக்கும் சோறிட வேண்டும். இந்த ஏற்பாடு கடவுள் வகுத்தது. பிரசங்க மேடைகளில் பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த இந்தக் கணக்கில் வணிகருக்கு இடமில்லை, வழக்குரைஞருக்கு இடமில்லை, சுங்க அதிகாரிக்கும் இடமில்லை. சாசர் லண்டன் திராட்சைமது வணிகர் ஒருவரின் மகன். 1374 முதல் 1386 வரை லண்டன் துறைமுகத்தில் கம்பளி ஏற்றுமதிச் சுங்கக் கணக்கைச் சரிபார்க்கும் பதவியில் இருந்தவர். நாட்டின் முதன்மையான ஏற்றுமதிப் பொருளும் அதன் வரியும் நாள்தோறும் கண்முன் கடந்துபோவதைப் பார்த்த அந்த மனிதர், மூன்று வகுப்புக் கணக்கின் எந்தப் பத்தியிலும் சரியாக அடங்காதவர்.

அந்தக் கணக்கை உலுக்கியது கொள்ளைநோய். 1348-இல் இங்கிலாந்தில் கரையேறிய பிளேக், அடுத்த ஆண்டு முடிவதற்குள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது, சில மதிப்பீடுகளின்படி ஏறத்தாழ பாதியையும், கொண்டுபோனது. நிலம் அப்படியே இருந்தது, உழைக்கும் கை குறைந்தது. எனவே எஞ்சிய கைகள் அதிகக் கூலி கேட்டன. நிலவுடைமையாளர்களின் நாடாளுமன்றம் 1351-இல் சட்டம் இயற்றி, கூலியை நோய்க்கு முந்தைய அளவிலேயே நிறுத்தப் பார்த்தது. களையெடுப்புக்கும் வைக்கோல் உலர்த்தலுக்கும் நாளொன்றுக்கு ஒரு பென்னி, அறுவடைக்கு ஆகஸ்டு முதல் வாரத்தில் இரண்டு பென்னி, இரண்டாம் வாரத்தில் மூன்று பென்னி என்று அதில் கூலி விவரம் எழுதப்பட்டது. சட்டத்துக்கு அடங்காதவர்களின் காலை மாட்டி உட்காரவைக்க ஊர்தோறும் தொழுமரம் நிறுவவும் ஆணையிடப்பட்டது. 1363-இல் உடை பற்றியும் ஒரு சட்டம் வந்தது. 40 ஷில்லிங் மதிப்புள்ள சொத்து இல்லாத வண்டிக்காரரும் உழவரும் 12 பென்னிக்கு மேற்படாத முரட்டுக் கம்பளித் துணியைத்தான் உடுக்க வேண்டும் என்றது அது. அடுத்து வந்த நாடாளுமன்றமே அதை விலக்கிக்கொண்டதிலிருந்து, ஊரில் அதை எத்தனை பேர் மதித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த 13 அடிகளைத் திரும்பப் படித்தால் உழவனின் முகம் மாறித் தெரிகிறது. அவன் கூலி உயர்த்தக் கேட்பதில்லை, வாங்காமலேயே உழைக்கிறான். கோயிலுக்குக் கொடுக்க வேண்டியதில் பாக்கி வைப்பதில்லை. சண்டைக்குப் போவதில்லை, மேலங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டு, மதிப்புக் குறைந்த பெண்குதிரையின் மேல் அடக்கமாக அமர்ந்து வருகிறான். கூலிச் சட்டம் இயற்றியவர்கள் உழவர்களைப் பற்றிச் சொன்ன குறைகள் ஒவ்வொன்றையும் எடுத்து, அதன் மறுதலையை வரிசையாக எழுதினால் கிடைக்கும் உருவம் இதுதான். சாசர் வேண்டுமென்றே இப்படிச் செய்தாரா, தம் வகுப்பினரின் ஏக்கம் அவரை அறியாமல் எழுத்தில் இறங்கியதா என்பதில் வாசகர்கள் வேறுபடலாம். ஆனால் முன்னுரையில் குறையே இல்லாமல் நிற்பவர்கள் மிகச் சிலர். போர்வீரர், ஊர்ப் பாதிரியார், பாதிரியாரின் சகோதரனான உழவன் ஆகிய மூவரும் அவர்களில் முன்னிற்கிறார்கள். அதாவது காப்பவர், வேண்டுபவர், உழைப்பவர் என்ற பழைய கணக்குக்கு ஆளுக்கு ஒருவர்.

மீதிப் பேரைக் கவிதை காட்டும் விதம் வேறு. அங்கே மனிதரை அளக்கும் கோல் பணம். வணிகர் கடனில் மூழ்கியிருக்கிறார், அது எவருக்கும் தெரியாதபடி நிமிர்ந்து பேசுகிறார். மருத்துவர் கொள்ளைநோய்க் காலத்தில் ஈட்டியதைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறார். தங்கம் இதயத்துக்கு மருந்து என்பதால் தங்கத்தின் மேல் அவருக்குத் தனிப் பிரியம் என்று முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் சாசர் எழுதுகிறார். கைவினைக் குழுவைச் சேர்ந்த ஐவரின் கத்திகளுக்குப் பித்தளைப் பூணில்லை, வெள்ளிப் பூண். கணவர்கள் நகரமன்ற உறுப்பினர் ஆகிவிட்டால் தங்களை ‘மேடம்’ என்று அழைப்பார்களே என்பது அவர்களின் மனைவியர் மனக்கணக்கு. பாத் நகருக்கு அருகிலிருந்து வரும் பெண் துணி நெய்வதில் ஃபிளாண்டர்ஸின் நெசவு நகரங்களான ஈப்ர், கெண்ட் இரண்டையும் தோற்கடித்தவள், ஐந்து கணவர்களை மணந்தவள், ஜெருசலேமுக்கு மூன்று முறை போய்வந்தவள். பாவமன்னிப்புச் சீட்டு விற்பவரோ தலையணை உறையை மாதாவின் முக்காடு என்றும் பன்றி எலும்பைப் புனிதரின் திருப்பண்டம் என்றும் காட்டி, ஏழைப் பாதிரியார் இரண்டு மாதத்தில் காணும் பணத்தை ஒரே நாளில் பார்த்துவிடுகிறார். இவர்கள் ஒவ்வொருவரையும் ‘தம் தொழிலில் இவரை மிஞ்ச ஆளில்லை’ என்ற தோரணையில் புகழ்ந்துகொண்டே போவதுதான் சாசரின் உத்தி. பழிப்பது போலத் தெரியாமல் பழிக்கும் அந்தக் குரலில், திட்டுகிறவரும் திட்டு வாங்குகிறவரும் ஒரே விடுதியில் ஒரே மேசையில் உண்டவர்கள் என்பது மறப்பதில்லை.

மாவரைப்பவரின் பாத்திரத்துக்குச் சற்று விளக்கம் தேவை. தானியத்தில் திருடுவார், கூலியை மும்மடங்காக எடுப்பார், ஆனாலும் நேர்மையான மாவரைப்பவருக்குப் பொன்கட்டைவிரல் உண்டு என்ற பழமொழியைத் தொட்டு, அவருக்கும் பொன்கட்டைவிரல் என்கிறார் சாசர். இந்தக் கேலியின் அடியில் ஒரு நிலவுடைமை ஏற்பாடு இருக்கிறது. பண்ணைக்குக் கட்டுப்பட்ட குடியானவர் தம் தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கைக் கட்டணமாக விட்டுவிட வேண்டும். வீட்டுத் திருகையில் அரைப்பது பல பண்ணைகளில் குற்றம். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவர் ஒருவர் ஊராரிடமிருந்து பறித்த திருகைக் கற்களைத் தம் மடத்து அறையின் தரையில் பாவிவைத்தார். சுமார் 50 ஆண்டுகள் கழித்து, 1381-இல், ஊரார் மடத்துக்குள் புகுந்து அந்தக் கற்களைப் பெயர்த்தெடுத்து உடைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் ஆசீர்வதித்த அப்பத்தைப் பகிர்வதுபோல ஆளுக்கொரு துண்டு எடுத்துப் போனார்கள் என்று அந்த மடத்து வரலாற்றாசிரியர் தாமஸ் வால்சிங்கம் வெறுப்போடு எழுதிவைத்திருக்கிறார். அவர் வெறுப்போடு எழுதியதால்தான் இன்று நமக்கு அது தெரிகிறது. மாவரைப்பவர் திருடர் என்ற நகைச்சுவையைக் கேட்டு அக்காலத்தவர் சிரித்தபோது, அந்தச் சிரிப்பில் திருகையைப் பறிகொடுத்த வீடுகளின் நினைவும் கலந்திருக்கும்.

கதைகளின் வரிசையிலும் இந்த இழுபறி நடக்கிறது. விடுதிக்காரர் ஹாரி பெய்லி மரியாதை தெரிந்தவர். போர்வீரர் முதல் கதையைச் சொல்லி முடித்ததும் அடுத்து மடத்துத் துறவி சொல்லட்டும் என்கிறார், அதாவது காப்பவருக்குப் பின் வேண்டுபவர். ஆனால் குடிவெறியில் குதிரைமேல் சரியாக உட்கார முடியாத மாவரைப்பவர் குறுக்கே புகுந்து, இப்போதே தம் கதையைச் சொல்வேன், இல்லையென்றால் தம் வழியே போய்விடுவேன் என்று அடம்பிடித்துச் சொல்லியும் விடுகிறார். அத்தோடு வகுப்பு வரிசை குலைகிறது. உழைக்கும் வகுப்பு சாசரிடம் பேசும் முதல் தருணம் இது. நல்ல உழவன் சும்மா இருக்க, குடித்த மாவரைப்பவர் பேசுகிறார்.

உழவன் பேசும் கவிதை வேறொன்று. ‘உழவன் பியர்ஸ்’ என்ற அந்த நெடுங்கவிதையை எழுதிய வில்லியம் லாங்லாண்ட் வாழ்நாள் முழுவதும் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஆய்வாளர்கள் அதன் வடிவங்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கிறார்கள். யாப்பிலேயே அது சாசரிலிருந்து வேறுபட்டது. பிரெஞ்சு வழியாக வந்த இயைபுத் தொடையில் ஈரடி ஈரடியாக சாசர் எழுத, லாங்லாண்ட், 1066-இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மானியருக்கு முற்பட்ட ஆங்கிலத்தின் மரபைப் பின்பற்றி மோனையால் அடியைக் கட்டினார். ஓர் அடியின் முன்பாதியில் அழுத்தம் பெறும் சொற்கள் எந்த ஒலியில் தொடங்குகின்றனவோ, அந்த ஒலி பின்பாதியிலும் வந்து பூட்டுப் போடும். மோனையின் சுவையைப் பள்ளியிலேயே அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் கவிதையின் ஓசை, பொருள் விளங்குவதற்கு முன்பே பிடித்துப்போகும் என்று துணிந்து சொல்வேன்.

மால்வர்ன் குன்றுகளில் ஓடைக்கரையில் படுத்துறங்கும் ஒருவனின் கனவோடு அது தொடங்குகிறது. ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பாதாளச் சிறை, நடுவில் மக்கள் நிறைந்த வெளி. உழுபவரும் வணிகரும் பிச்சைக்காரரும் சீட்டு விற்பவரும் அங்கே நெரிகிறார்கள். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கூடிப் பேசும், நமக்கும் நன்கு தெரிந்த கதை அந்த வெளியில் நடக்கிறது. அரசரின் சுற்றத்தாரை எதிர்த்துத் துணிந்து பேசிய 1376-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தோடு அதை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். லாங்லாண்டின் சுண்டெலி ஒன்று எழுந்து, இந்தப் பூனையைக் கொன்றால் இன்னொரு பூனை வரும், சும்மா இருங்கள் என்று கூட்டத்தைக் கலைத்துவிடுகிறது.

கவிதையின் உயிர்ப்பான பகுதி அரை ஏக்கர் நிலத்தில் நிகழ்வது. உண்மை என்ற புனிதரைத் தேடி அலையும் கூட்டத்துக்கு வழி தெரிந்த ஒரே ஆள் பியர்ஸ். சாலையோரத்து அரை ஏக்கரை உழுது விதைத்த பிறகுதான் வழிகாட்ட வருவேன் என்கிறான் அவன். யாத்திரை நிற்கிறது, உழவு தொடங்குகிறது. வீரர் ஒருவர் தாமும் ஏர் பிடிக்கக் கற்கிறேன் என்று முன்வர, வேண்டாம், நான் உங்களுக்கும் சேர்த்து வியர்வை சிந்துகிறேன், நீங்கள் ஊதாரிகளிடமிருந்து என்னையும் கோவிலையும் காத்து, என் வேலியை உடைக்கும் முயலையும் நரியையும் வேட்டையாடுங்கள் என்று பியர்ஸ் சொல்கிறான். மூன்று வகுப்பு ஏற்பாடு இங்கே திரும்ப வருகிறது, ஆனால் அதை வகுத்துக் கொடுப்பவன் இப்போது உழவன். பிறகு சிலர் மது அருந்திப் பாட்டுப் பாடுவதையே தங்கள் உழவாக்குகிறார்கள், சிலர் குருடர் முடவர் என்று நடிக்கிறார்கள். வீரரின் எச்சரிக்கையை ஊதாரி மதிப்பதில்லை. வேறு வழியின்றிப் பியர்ஸ் பசியைக் கூவி அழைக்கிறான். பசி வந்து ஊதாரியின் வயிற்றைப் பிடித்து முறுக்க, நடித்தவர்கள் எல்லோரும் களத்துக்கு ஓடிக் கதிரடிக்கிறார்கள்.

ஆனால் பசி வந்த வீட்டை விட்டுப் போக மறுக்கிறது. பியர்ஸிடம் கோழி வாங்கக் காசில்லை. பச்சைப் பாலாடைக்கட்டி இரண்டு, கொஞ்சம் தயிரும் பாலேடும், ஓட்ஸ் அடை ஒன்று, பிள்ளைகளுக்காக அவரையும் தவிடும் கலந்து சுட்ட ரொட்டி இரண்டு, கீரையும் வெங்காயத்தாளும் முட்டைக்கோசும், ஒரு பசு, ஒரு கன்று, எரு இழுக்க ஒரு குதிரை. ஆகஸ்டு முதல் நாள் வரும் புதுத்தானியத் திருநாள்வரை இதைக் கொண்டுதான் ஓட்டியாக வேண்டும். பழைய விளைச்சல் தீர்ந்து புதியது வராத அந்த இடைமாதங்களை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் வேறு ஆங்கிலக் கவிதையை நான் படித்ததில்லை. அறுவடை வந்ததும் கதை திரும்புகிறது. கையைத் தவிர வேறு நிலம் இல்லாத கூலியாட்கள் நேற்றைய காய்கறியைத் தொட மறுத்து, மலிவு மதுவையும் உப்பிட்ட பன்றிக்கறியையும் ஒதுக்கி, புதிதாகப் பொரித்த இறைச்சியோ மீனோ சூடாக வேண்டும் என்கிறார்கள்; கூலிச் சட்டம் இயற்றிய அரசரையும் ஆலோசகர்களையும் சபிக்கிறார்கள். இந்த இடத்தில் லாங்லாண்ட் அவர்கள் பக்கம் நிற்கவில்லை, பசி மீண்டும் வரும் என்று எச்சரிக்கவே செய்கிறார். உழைப்பவரிலும் நல்லவர் கெட்டவர் என்று பிரிக்கும் அவருடைய கணக்கு சட்டம் இயற்றியவர்களின் கணக்குக்கு அருகில் வருவது எனக்கு உவப்பானதல்ல. ஆயினும் பிந்தைய வடிவத்தில், குடிசையில் வாழும் ஏழைப் பெண்கள் குளிர்கால நள்ளிரவில் விழித்துத் தொட்டிலாட்டுவதையும், கம்பளியைச் சிக்கெடுத்து நூற்பதையும், கந்தலைத் தைத்துத் துவைப்பதையும், பிச்சை கேட்க வெட்கப்பட்டுப் பசியை மறைப்பதையும் அவர் எழுதிச் சேர்த்த வரிகளுக்கு நிகரானவை சாசரிடமும் இல்லை.

பின்னர் அந்த உழவன் கவிதையை விட்டு வெளியே நடந்தான். பிரான்சுடன் நடந்த போரின் செலவுக்காக நான்கு ஆண்டுகளில் மூன்றாவது முறையாகத் தலைவரி விதிக்கப்பட்டது. 1377-இல் தலைக்கு நான்கு பென்னியாக இருந்தது மூன்றாம் முறை 12 பென்னியாயிற்று. 1381 மே இறுதியில் எஸ்ஸெக்ஸில் வரி அதிகாரிகளை எதிர்த்துத் தொடங்கிய கலகம் கென்ட்டுக்குப் பரவியது. கென்ட் கலகக்காரர்கள் ஜூன் 10 அன்று கேன்டர்பரிக்குள் நுழைந்து, அங்கிருந்து லண்டனை நோக்கி நடந்து, சதர்க்கில் மார்ஷல்சீ சிறையை உடைத்தார்கள். சாசரின் யாத்திரிகர்கள் போகும் அதே சாலையில், எதிர்த்திசையில். ஜூன் 13 அன்று நகரக் கதவுகள் திறந்தன. எஸ்ஸெக்ஸ் கூட்டம் ஆல்ட்கேட் வாயில் வழியாக நுழைந்தது. அந்த வாயிலுக்கு மேலிருந்த வீடு அப்போது சாசரின் குத்தகையில் இருந்தது. அரசரின் சித்தப்பா ஜான் ஆஃப் காண்ட்டின் சவாய் மாளிகை எரிந்தது, மறுநாள் கேன்டர்பரிப் பேராயர் சைமன் சட்பரியின் தலை வெட்டப்பட்டது, ஃபிளாண்டர்ஸிலிருந்து வந்து குடியேறியிருந்த பிளெமிய நெசவாளர்களும் வணிகர்களும் தெருவில் கொல்லப்பட்டார்கள். பண்ணைக் கட்டு ஒழிய வேண்டும், நிலக் குத்தகை ஏக்கருக்கு நான்கு பென்னி ஆக வேண்டும் என்ற கோரிக்கைகளுக்கு 14 வயது அரசர் இரண்டாம் ரிச்சர்டு ஒப்புக்கொண்டு பட்டயமும் கொடுத்தார். ஜூன் 15 அன்று தலைவன் வாட் டைலர் ஸ்மித்ஃபீல்டில் கொல்லப்பட்டபின், பட்டயங்கள் செல்லாது என்றும் அறிவித்தார்.

தூக்கிலிடப்படவிருந்த ஒருவரிடம் கிடைத்ததாக வால்சிங்கம் படியெடுத்து வைத்த கடிதம் ஒன்று இருக்கிறது. கலகத்தின் பிரசங்கி ஜான் பால் எழுதியது. ஆதாம் மண் வெட்டி ஏவாள் நூல் நூற்ற காலத்தில் பிரபு யார் என்று கேட்ட பிரசங்கத்துக்காக நினைவுகூரப்படுபவர் இவர். உழவன் பியர்ஸ் தன் வேலைக்குப் போகட்டும், கொள்ளைக்காரன் ஹாபைத் தண்டிக்கட்டும் என்று அந்தக் கடிதம் சொல்கிறது. லாங்லாண்டின் பாத்திரம் பெயரோடு அங்கே நிற்கிறது. அவன் செய்ய வேண்டிய ‘வேலை’தான் வேறு. லாங்லாண்ட் இதை விரும்பியிருக்க வழியில்லை. உண்மை அனுப்பிய பாவமன்னிப்புப் பத்திரத்தைப் பியர்ஸ் ஆத்திரத்தில் கிழித்தெறியும் காட்சி முந்தைய வடிவத்தில் இருந்தது. அது கடைசி வடிவத்தில் காணாமல் போயிற்று. மடத்துப் பத்திரங்களையும் பண்ணை நீதிமன்றச் சுருள்களையும் மக்கள் தீயிலிட்ட கோடைக்குப் பிறகு, பத்திரம் கிழிக்கும் உழவனை எழுத்தில் விட்டுவைக்க அவருக்கு மனம் வரவில்லை என்று கருதுபவர்களோடு நான் உடன்படுகிறேன்.

சாசரின் நண்பரும் கென்ட்டில் நிலம் வைத்திருந்தவருமான ஜான் கௌவர் லத்தீனில் எழுதிய நெடுங்கவிதையில் கலகக்காரர்கள் விலங்குகளாகிறார்கள். கழுதைகள் சுமை தூக்க மறுக்கின்றன, எருதுகள் நுகத்தைத் தள்ளிவிட்டு ஏரிழுக்க மறுக்கின்றன, நாய்களும் பன்றிகளும் நரிகளும் நகரத்துக்குள் பாய்கின்றன. வாட் என்னும் பெயர் கொண்ட பறவை ஒன்று அவற்றுக்குத் தலைமை தாங்கிப் பேசுகிறது. உழவனுக்கு இங்கே குரல் உண்டு, மனிதச் சொல் மட்டும் இல்லை.

சாசர் அந்தக் கலகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பது ஒரே ஓர் இடத்தில். ஏழை விதவை ஒருத்தியின் சேவலை நரி கவ்விக்கொண்டு ஓட, அவளும் அயலாரும் நாயும் பசுவும் கன்றும் தேனீக்களும்கூடத் துரத்திக்கொண்டு போகும் ஆரவாரத்தை வருணிக்கையில், பிளெமியரைக் கொல்லப் போனபோது கலகத் தலைவர்களில் ஒருவனான ஜாக் ஸ்ட்ராவும் அவன் கூட்டமும்கூட இதில் பாதி இரைச்சல் போட்டதில்லை என்கிறார். ஒரு நகரத்தின் கொலைநாள் இங்கே கோழிக்கதையில் ஓர் உவமை. அந்த விதவையின் புகைபடிந்த குடிசையையும், மூன்று பெண்பன்றிகளையும், மூன்று பசுக்களையும், மால் என்ற ஒற்றை ஆட்டையும் பரிவோடு எழுதிய அதே கை எழுதியது என்பதால் அந்த உவமை எனக்கு இன்னும் விறைப்பாகப் படுகிறது.

முன்னுரையின் உழவன் அதிக காலம் பேசாதிருக்க விடப்படவில்லை. எட்டாம் ஹென்றி ரோம் திருச்சபையிலிருந்து பிரிந்தபின், பேராயர்களின் செல்வத்தையும் துறவிகளின் பேராசையையும் சாடும் ‘உழவனின் கதை’ ஒன்று அச்சேறியது. 1542-இல் வில்லியம் தின் பதிப்பித்த சாசர் தொகுப்பில் அது சாசரே எழுதியதாக இடம்பெற்று, 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் டிர்விட் அதை நீக்கும்வரை அப்படியே படிக்கப்பட்டது. லாங்லாண்டின் கவிதையை ராபர்ட் கிரௌலி 1550-இல் முதன்முதலாக அச்சிட்டபோது, அந்த ஓராண்டுக்குள் அதற்கு மூன்று பதிப்புகள் தேவைப்பட்டன.